குளிர் பார்க்கப் போனவர்

என் வீட்டுக்காரருக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. தையல்காரர் என்றால் அளவெடுத்தோமா, வெட்டினோமா என்று இருக்கவேண்டாமா? "இதைப் போட்டுக்கிட்டு எங்க போவீங்க? அங்க காத்து வருமா?" என்று வந்தவர் வாயைக் கிண்டிக்கொண்டே இருப்பார்.

கல்வி இலாகா வருஷத்துக்கு ஒரு பிள்ளையைப் பொறுக்கி, அரசாங்கச் செலவில் சீமைக்குப் படிக்க அனுப்பும். அந்தப் பிள்ளைக்குக் கம்பளிக் கோட்டு தைக்கிற வேலை எங்கள் கடைக்குத்தான் வரும். எங்கள் ஊரில் குளிர் என்றால் மழையில் நனைந்தவனுக்கு வருகிற நடுக்கம், அவ்வளவுதான். படித்துத் திரும்பியவர்களை இவர் வழிமறித்து, "குளிர் எப்படித் தம்பி இருக்கும்?" என்பார். "ரொம்பக் குளிரும்" என்பார்கள். அத்தனை படிப்பும் படித்துவிட்டு வந்து சொல்கிற பதிலைப் பாருங்கள்!

அந்த வருஷம் எங்கள் மகளே தேறினாள். பெண்பிள்ளை போவது அதுதான் முதல் தடவை. அவள் படித்தது, தேறிய தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கத்திடம் மானியம் வாங்குகிற பள்ளிக்கூடம். தலைமையாசிரியருக்குத் தரையில் கால் பாவவில்லை. எனக்குத்தான் பயம். மழைக்காலம் வந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். அரசாங்க டாக்டர் கோடையில் பார்த்துவிட்டு, நெஞ்சில் குறையில்லை என்று எழுதிவிட்டார். அங்கே போய்ப் படுத்துவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். படிப்பு போனால் போகட்டும், பிள்ளை பிழைக்கவேண்டுமே.

இவரோ தைத்து முடித்த கோட்டை எடுத்துக்கொண்டு துறைமுகத்து ஐஸ் ஃபாக்டரிக்குக் கிளம்பினார்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"குளிரைப் பாக்காமலே இத்தனை வருஷமா குளிருக்குத் தைச்சேனே, அதுதான் கிறுக்கு."

ஐஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு அறைக்கதவைத் திறந்துவிட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனவர் பல் கிட்டிப்போய் வெளியே வந்தார். முகத்தில் மட்டும் ஒரே பூரிப்பு.

"அடியே, மணிக்கட்டு வழியா வருது! கழுத்து வழியா வருது! காத்தோட்டமா இருக்கட்டும்னு கையை அகலமா வச்சே அனுப்பியிருக்கேன். பாவிப் பசங்க, ஒருத்தனாவது சொன்னானா?"

அன்றே கோட்டைப் பிரித்தார். கழுத்தை உயர்த்தி, கைகளைக் குறுக்கிப் பொத்தான் வைத்து, மார்புக்கு இன்னொரு அடுக்கு கொடுத்தார். பிறகு மகளே அதைப் போட்டுக்கொண்டு ஐஸ் அறைக்குள் போய் நின்றாள். நான் வெளியே உட்கார்ந்து ஐஸ்காரரையும் கவர்ன்மெண்டையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இங்க பாரேன்! வாயிலேருந்து புகை வருது!" உள்ளேயிருந்து சிரித்தாள். மூச்சு இழுக்கவில்லை.

கப்பல் போயிற்று. எங்கள் கடையில் கேள்விச் சத்தமே இல்லை. இவர் வாயை மூடினால் நிம்மதி என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்! அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

மறுவாரம் நானே ஐஸ் ஃபாக்டரிக்குப் போனேன்.

"என்னம்மா, நீங்களுமா?" என்றார் ஐஸ்காரர்.

"பேசாம கதவைத் திறங்க."

கட்டிய புடவையோடு நின்றேன். மூச்சை விட்டேன். மகள் சொன்ன புகை என் வாயிலிருந்தும் வந்தது. இந்தக் காற்றில்தானே இப்போது என் பிள்ளை மூச்சுவிடப் போகிறாள் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வெளியே வந்தால் இவர் நிற்கிறார். என் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

எவ்வளவோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ரொம்பக் குளிருதுங்க" என்றேன்.