பதினோராம் அத்தியாயத்தின் கருத்துகள்

ஜீவானந்தத்தை மலை ஊரான வாழவந்தியில் இப்போது யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சேலத்துக்குப் படிக்கப் போன நாளில் ‘காலேஜு’ என்றார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து காப்பி எஸ்டேட்டில் சின்ன ரைட்டராகச் சேர்ந்ததிலிருந்து ‘ரைட்டரு’. அவன் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவன்தான். தாண்டி எங்கே போய்ச் சேர்ந்தோம் என்ற கேள்வி மட்டும் அவனுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. அம்மா காளியாயி பழம் எடுக்கும் அதே தோட்டத்தில், அம்மாவுக்கும் சேர்த்துச் செடி வரிசை பிரித்துக் கொடுப்பதுதான் அவன் வேலை. பச்சைக்காயைப் பறிக்கிறார்களா என்று பார்ப்பான். சாயங்காலம் மூட்டையை எடை போடுவான். இதற்கு மூன்று வருடம் தமிழ் இலக்கியம் படித்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேலையும் அவன் செய்தான், அது யாரும் சொல்லிச் செய்ததல்ல. தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. அதனால் காலையில் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் எஸ்டேட் ஜீப்புக்காக நிற்கும் கால் மணி நேரத்தில், செல்போனில் தொடர்கதைகளை இறக்கி வைத்துக்கொள்வான். கதைகளைச் சத்தமாகப் படித்துக் காட்டும் ஆப் அது. வெயில் ஏறுவதற்குள் செல்போனை ஒரு சில்வர் ஓக் மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். பக்கத்திலேயே, பழம் எடுப்பவர்களில் ஒருத்தியான புஷ்பலதாவின் ஸ்பீக்கர். உணர்ச்சியே இல்லாத ஒரு மெஷின் பெண்குரல் கதையைச் சொல்ல, பதினெட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டே பழம் எடுப்பார்கள். கதை ஓடினால் கை நிற்காது என்பதால் பெரிய ரைட்டரும் கண்டுகொள்வதில்லை.

ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் அந்தக் குரல் வாசகர் கருத்துகளையும் படிக்கும். பெண்களுக்குக் கதையைவிட அதுதான் ருசி. முகம் தெரியாத ஊர்க்காரர்கள் எழுதியதற்குச் செடிக்கு நடுவிலிருந்து பதில் சொல்லிச் சண்டை போடுவார்கள். “அடி போடி, உன்ற புருசன் உன்னைய வெச்சிருக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா!” என்று திருநெல்வேலிக்காரி ஒருத்திக்குப் புஷ்பலதா ஒருமுறை பதில் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கார்த்திகை மூன்றாம் வாரத்தில் அந்தத் தவறு நடந்தது. ஜீப் அன்று பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டது. பெண்களுக்கான குடும்பக் கதையில் மூன்று அத்தியாயம்தான் இறங்கியிருந்தது. அது முடிந்தால் பட்டியலில் அடுத்து என்ன இருக்கிறதோ அதை ஆப் தானாகவே தொடங்கிவிடும். வழக்கமாக மற்றதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் செல்போனைக் கொடுப்பான். அன்று மறந்துவிட்டான்.

அடுத்து இருந்தது அவன் தனக்காக வைத்திருந்த கதை.

செழியன், வருண் என்று இரண்டு பையன்கள். கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஒருவன்மேல் ஒருவனுக்குக் காதல். பன்னிரண்டு அத்தியாயம், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். கல்லூரியில் கூடப் படித்த கிறிஸ்டோ, ஓசூர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அனுப்பி, ‘நம்மளப் பத்தி யாரோ எழுதியிருக்காங்க, படி’ என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு கிறிஸ்டோவிடமிருந்து செய்தி குறைந்து, பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் என்று ஆகிவிட்டது. கதை மட்டும் அவனிடம் தங்கியது. ஜீவானந்தம் அதை ஏழு முறை படித்திருந்தான். கதையைவிடக் கருத்துகளை அதிகம் படித்தான். இந்த உலகத்தில் யார் தன்னை என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு வேறு இடம் இல்லை. ஒருவர் ‘அழுதுவிட்டேன்’ என்று எழுதினால் அன்று சோறு இறங்கும். ஒருவர் ‘அசிங்கம்’ என்று எழுதினால் இறங்காது. பார்த்திராதவர்களின் கையில் தன் பசியைக் கொடுத்துவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வரும்.

பதினோராம் அத்தியாயத்தில் செழியன் வீட்டில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். அதன் கீழே ‘மலைக்காரன்’ என்ற பெயரில் அவனே ஒரு கருத்து எழுதியிருந்தான்.

மேட்டு வரிசையில் நின்றிருந்தவன், கீழே செழியன் என்ற பெயர் கேட்டதும் ஓடி வந்தான்.

“அந்தக் கதை வேண்டாங்க, வேற போடறேன்” என்று செல்போனுக்குக் கை நீட்டினான்.

“ஏனுங்க ரைட்டரே, ஓடற கதைய எதுக்கு நிறுத்தறீங்க?” என்றாள் புஷ்பலதா. “காலேஜுப் பசங்க கதையாட்ட இருக்குது. நாங்கதான் காலேஜு பாக்கல, காதுலயாச்சும் கேக்கறோம்.”

“நல்லா இருக்காதுங்க அது.”

“நல்லா இல்லாட்டித்தான நாங்க திட்டறதுக்கு நல்லா இருக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். பிடுங்கி நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதைத் தவிர வேறு எதுவும் அந்த நிமிடம் வாய்க்கு வரவில்லை. கையை இழுத்துக்கொண்டான். இன்னும் பத்து அத்தியாயம் இருக்கிறது, அதற்குள் ஸ்பீக்கரில் சார்ஜ் தீரும், மழை வரும், ஏதாவது வரும் என்று நினைத்தான்.

எதுவும் வரவில்லை. முதல் மூன்று அத்தியாயத்தைச் சிநேகிதக் கதை என்றே கேட்டார்கள். நான்காவதில் வருணுக்குக் காய்ச்சல் வந்து, செழியன் இரவெல்லாம் விழித்திருந்து நெற்றியில் முத்தம் கொடுத்த இடத்தில், எல்லா வரிசையிலும் கை நின்றது.

“இதென்னடி இது?” என்றாள் பொன்னாயி. அறுபதை நெருங்கியவள், கூட்டத்தில் மூத்தவள்.

“அதானுங்கக்கா. பொண்ணும் பையனும் மாதிரி இவிங்க ரண்டு பேரும்” என்றாள் புஷ்பலதா.

“அட கெரகமே!”

“நிறுத்திரட்டுங்களா?” என்றான் ஜீவானந்தம். அவன் குரல் அவனுக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

“இருங்க சாமி, அந்தப் பையனுக்குக் காச்ச உட்டுதான்னு கேக்கணும்ல்ல” என்றாள் பொன்னாயி.

அப்புறம் கதை ஓடியது, பேச்சும் ஓடியது. இது பணக்கார ஊட்டுப் பசங்க கொழுப்பு என்றாள் ஒருத்தி. செழியன் அப்பன் தறி ஓட்டறவன், அவனுக்கு என்னடி கொழுப்பு என்றாள் இன்னொருத்தி. எங்க ஒரம்பரை சனத்துல ஒருத்தன் கடைசி வரைக்கும் கல்யாணமே வேண்டாமின்னுட்டான், நாங்க காத்துக் கருப்புன்னு மந்திரிச்சோம், இப்ப நெனச்சா என்னமோ என்று பொன்னாயி பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஏழாம் அத்தியாயத்தின் கருத்துகளில் யாரோ, ‘என் மகன் இப்படி இருந்தால் விஷம் வைத்துவிடுவேன்’ என்று எழுதியிருந்ததை மெஷின் குரல் அதே அமைதியோடு படித்தது.

“இத எழுதுனது பெத்தவளா இருக்காது” என்றாள் காளியாயி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது.

ஜீவானந்தம் அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதை வரவு, செலவு எந்தப் பக்கம் எழுதிக்கொள்வது என்று தெரியவில்லை. கதையில் வரும் பையனுக்காக இரங்குவது வேறு, சோறு போட்டு வளர்த்த பையன் எதிரில் நின்று சொல்லக் கேட்பது வேறு. இதையும் தான் ஒரு கருத்தாகத்தானே வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்கிறோம் என்று வெட்கப்பட்டான்.

அம்மாவுக்கு அடுத்த வரிசையில் சுஜாதா இருந்தாள். தாய்மாமன் பொன்னுவேலின் மகள், இருபது வயது. அவள் பிறந்தபோதே ஜீவானந்தத்துக்கு என்று ஆகிவிட்டது. அவர்கள் வழக்கத்தில் அதை யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதில்லை, இருக்கிறது. அவனைக் கல்லூரி விடுதியில் சேர்க்கத் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர் மாமா. வருகிற வியாழக்கிழமை வெற்றிலை பாக்கோடு மாமா வீட்டுக்குப் போய் நாள் குறிப்பதாக இருந்தது.

பதினோராம் அத்தியாயம் பதினொன்றரை மணிக்குத் தொடங்கியது. செழியன் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தான். வருண் பந்தி வரைக்கும் வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனான். இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். ஜீவானந்தம் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு, பச்சைக்காய் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

“வாசகர் கருத்துகள்” என்றது குரல். “மலைக்காரன். எங்கள் ஊரில் காப்பிப் பழம் எடுத்து முடிந்ததும் எனக்கும் கல்யாணம். மாமன் மகள். செழியன் செய்ததைத்தான் நானும் செய்யப்போகிறேன். செழியனை யாரும் திட்டாதீர்கள். அவனுக்கு வேறு வழி இல்லை.”

“காப்பிப் பழமா? நம்ம மலைக்காரனாடி இவன்?” என்றாள் புஷ்பலதா.

“நம்மூர்ல ஏது! கொல்லிமலைக்காரனா இருப்பான்” என்றாள் பொன்னாயி. “அங்கயும் காப்பி இருக்குதல்ல.”

“அவனுங்கதான் இப்பிடி” என்று ஒருத்தி சொல்ல, மறுபடியும் சிரிப்பு. கொல்லிமலைமேல் பழி போனதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். காளியாயி எடுத்துக்கொண்டே இருந்தாள். சுஜாதா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் எடை போடும் இடத்தில் அவள் கடைசி ஆளாக வந்தாள். மற்றவர்கள் ஜீப்புப் பக்கம் போயிருந்தார்கள்.

“மாமா, அந்தக் கதையில செழியன் கட்டுன பொண்ணு பேரு என்னங்க?”

அவன் யோசித்தான். ஏழு முறை படித்தவன். “பேரு எழுதலை போல.”

“எழுதலைங்க. நானும் பாத்தேன். செழியன் பாவங்கறாங்க, வருண் பாவங்கறாங்க. அத்தனை பேரு கருத்து சொன்னாங்க, அவளுக்குன்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. அந்த மலைக்காரன்கூட” என்றாள். “அவனுக்கு வழி இல்லையாமா. இவளுக்கு மட்டும் நூறு வழி இருக்குதுங்களா?”

அவன் மூட்டையின் வாயைக் கட்டினான். கட்டியதையே அவிழ்த்து மறுபடியும் கட்டினான். தன்னைச் சுற்றி எல்லாக் கதவும் பூட்டியிருப்பதாக இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தவன், அதே அறையில் இன்னொரு ஆளையும் உள்ளே தள்ளிப் பூட்டப்போவதை அப்போதுதான் பார்த்தான். படித்தவன் என்று பேர். ஒரு காப்பித் தோட்டத்துப் பெண் ஒரே தடவை கேட்டதில் கண்டுபிடித்தது தனக்கு ஏன் தெரியவில்லை?

“சுஜா…”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாங்க மாமா. நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்” என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் இருந்தது, குரலில் இல்லை. “வேண்டாமுன்னு நான் சொன்னா, எவன் கூடடீன்னு எங்கப்பா அடிப்பாரு. நீங்க சொன்னா உங்களத் திட்டுவாங்க. வித்தியாசம் அவ்வளவுதான். யாரு சொல்றதுன்னு நீங்களே பாத்துக்கங்க. வியாழக்கிழமைக்குள்ள.”

ஜீப் அவர்களை ஒண்டிக்கடையில் இறக்கிவிட்டது. சுஜாதா கறிவேப்பிலை வாங்கப் புஷ்பலதாவோடு போய்விட்டாள். வாழவந்தி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் மிளகாய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு பனியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜீவானந்தம் அம்மா பக்கத்தில் போய் நின்றான்.

“ஏனுங்கம்மா, வியாழக்கிழமை மாமன் ஊட்டுக்குப் போக வேண்டாங்க. எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம்.”

காளியாயி சேலைத் தலைப்பால் கைக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“சேலத்துல எந்தப் புள்ளையாவது பாத்து வெச்சிருக்கறயா, கண்ணு?”

“புள்ள யாருமில்லைங்கம்மா.”

அவள் கை நின்றது. ஒரு வேன் சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி, பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனது.

“அந்தக் கொல்லிமலைக்காரனுக்கு அம்மா இருக்குமா?” என்று கேட்டாள்.

“இருக்குதுங்க.”

“அவன் எழுதுனத அது படிக்குமா?”

“படிக்கத் தெரியாதுங்க. யாராச்சும் படிச்சுக் காட்டுனா கேக்கும்.”

காளியாயி தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினான். கோபமாக இருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். இது வேறு. சுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றும்போது முகம் அப்படித்தான் போகும்.

“மாமனுக்கு நீ போன் கீன் பண்ணிராத” என்றாள். “என்ற கூடப் பொறந்தவன். நான் போய் பேசிக்கறேன். வியாழக்கிழமை நாள் சரியில்லையின்னு சொல்லிப் பாக்கறேன். தை பொறக்கட்டும்.”

அம்மா கதவைத் திறக்கவில்லை, கொஞ்சம் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் இன்னும் ஒரு மாதம் பேசாமல் இருந்துவிடலாம். இருந்துவிடத்தான் ஆசையாக இருந்தது. அந்தப் பக்கம் கறிவேப்பிலையோடு சுஜாதா வந்துகொண்டிருந்தாள்.

“தை பொறந்தாலும் இதேதானுங்கம்மா” என்றான்.

பஸ் வந்தது. காளியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏறி, முன் சீட்டில் இடம் பிடித்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “சுஜா, இங்க வா கண்ணு, எம்பக்கத்துல உக்காரு” என்று கூப்பிட்டாள். ஜீவானந்தம் பின் படியில் தொற்றிக்கொண்டான். இரண்டு பெண்களும் அவனைப் பற்றிப் பேசுகிறார்களா, பேசாமல் வருகிறார்களா என்பது ஊர் வரும்வரை அவனுக்குத் தெரியவில்லை.