மார்ட்டினின் காதுக்குள் நான்

மேடையில் நிற்கிற பாடகனுக்குத் தன் குரலே சரியாகக் கேட்காது. அதைக் கேட்க வைப்பதுதான் என் தொழில். சனத்துக்குக் கேட்கும் சத்தத்தைக் கவனிக்க வேறொருவர் மண்டபத்தின் நடுவில் இருப்பார். நான் மேடையின் ஓரத்தில், கறுப்புத் திரைக்குப் பின்னால், ஒரு மேசை நிறையப் பொத்தான்களோடு நிற்பேன். பாடகர் காதில் செருகியிருக்கும் சின்னக் கருவிக்குள் என்ன போகவேண்டும் என்பது என் கையில். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நான் இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. பிழை வந்தால் அத்தனை பேருக்கும் முன்னால் திரும்பி நின்று முறைப்பார்கள். அடுத்தவரைச் சமாளித்துச் சம்பளம் வாங்குகிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான் வேலை பார்த்த குழுவின் பெயர் வேண்டாம். நியூ வேவ் என்ற ராக் இசை லண்டனில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் வானொலியைத் திறந்தாலே அவர்கள்தான். பிறகு சண்டை, பிரிவு, நீண்ட மௌனம். அன்றைய ரசிகர்கள் எல்லாரும் தாத்தா பாட்டி ஆன பிறகு மீண்டும் சேர்ந்தார்கள், மண்டபங்கள் மறுபடி நிறைந்தன. பாடகர் மார்ட்டின். கீபோர்ட் வாசிப்பவர் ஹெலன். ஒரு காலத்தில் மார்ட்டினின் மனைவி. இவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதை என் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதுகிறேன், எனக்கு வேறு தமிழ் வராது.

முதல் நாள்

அதுவரை நான் லண்டன் இல்ஃபோர்ட் பக்கம் கலியாணத்துக்கும், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீட்டுக்கும் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தவன். அங்கே யாருக்கும் எதுவும் கேட்காவிட்டாலும் சத்தம் பலமாக இருந்தால் போதும். அந்தப் பழக்கத்தில் முதல் ஒத்திகையிலேயே மார்ட்டினின் குரலை அவர் காதுக்குள் நன்றாகக் கூட்டிவிட்டேன். நரைத்த தலை, ஒடிசலான உடம்பு, பாட்டின் நடுவிலேயே கையை உயர்த்தினார். ஒத்திகை நின்றுபோனது. என் வேலை முதல் நாளே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் மெதுவாக என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, என்ர குரலைக் குறை, ஹெலன்ர கீபோர்டைக் கூட்டு. என்னை நான் வேண்டிய மட்டும் கேட்டிட்டன்."

புதுக் கருத்து

பிழைகள் சின்னதாகத்தான் தொடங்கின. ஒரே சரணத்தை இரண்டு தரம் பாடினார். ஒரு பாட்டின் நடுவில் இன்னொரு பாட்டின் வரி வந்து நுழைந்தது. ஹெலன் கெட்டிக்காரி, அவர் போகிற பக்கம் தானும் வாசித்துக்கொண்டு போய்விடுவார். களைப்பு என்று நினைத்தோம். மனிதர் குடிப்பதும் இல்லை, குறை சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்து பின்வாசலால் வந்தபோது ஒரு ரசிகர் மறித்தார். பழைய பனியன் வயிற்றில் இறுகிக் கிடந்தது. எல்லா ஊருக்கும் பின்னாலேயே வருகிறவர்களில் ஒருவர். அவருக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். பிழையைப் பிடித்துவிட்டார், இனி ஊரெல்லாம் பரப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மற்றப் பாட்டுக்காரர் எல்லாம் அரைச்ச மாவையே அரைக்கினம். இவர் இந்த வயசிலயும் பழைய பாட்டைப் புதுசு புதுசாய் மாத்திப் பாடுறார், பாத்தியளே!"

முந்திச் சொல்லு

மார்ட்டினைப் பரிசோதித்த டாக்டர், ஹெலனைக் கூப்பிட்டு டிமென்ஷியா, மறதி நோய் என்று சொன்னார். மார்ட்டினுக்கும் சொல்லப்பட்டது, சில நாளில் அது ஞாபகம் இருக்கும், சில நாளில் இருக்காது. மேடையின் காலடியில் பாட்டு வரிகள் ஓடும் ஒரு திரை வைத்துப் பார்த்தோம். எந்த வரியில் நிற்கிறார் என்று அவருக்கே பிடிபடவில்லை. அப்போதுதான் மனேஜர் டெரிக்கின் கண் என் மேசையில் இருந்த சின்ன மைக்கில் விழுந்தது. 'பற்றரி முடியுது' என்பது போன்ற அவசரங்களைப் பாடகரின் காதில் சொல்ல வைத்திருப்பது அது. இனி ஒவ்வொரு வரியையும் மார்ட்டின் பாடுவதற்கு முன் நான் அவர் காதில் சொல்லவேண்டும் என்றார் டெரிக்.

எல்லாப் பாட்டையும் பாடமாக்கினேன். ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி முருகன் கோயிலுக்கு ஏறும்போதும் வாய் முணுமுணுத்தபடி இருந்தது. மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து ஒரு அம்மா மரியாதையாக வழிவிட்டார். நான் சொன்னது, காதலில் தோற்றவன் டெலிபோன் பெட்டிக்குள் நின்று அழுகிற பாட்டு.

முதல் முயற்சி பிசகாமல் நடந்தது. மார்ட்டின் வியர்வையோடு வந்து என் தோளில் கை வைத்தார்.

"நல்லாய்ச் சொல்லுறாய். ஆனா இன்னும் கொஞ்சம் முந்திச் சொல்லு. வாற வரியை யோசிக்கிற மாதிரி முகத்தை வைக்க எனக்கு நேரம் வேணும்."

கவுன்சில்காரன்

எங்கள் சாமான் ஏற்றும் வான் வண்டியை ஓட்டியவர் அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர், ஜெர்மனியில் பல வருஷம் லொறி ஓட்டிவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஞாயிறு பூசைக்குப் போக விட்டால் வேறு எதற்கும் முறைப்பாடு இல்லை. லூயிஷாம் பக்கம் ஒரு நிகழ்ச்சி. பாட்டுக்கு நடுவில் அவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஜன்னலால் பார்த்தால், பிழையான இடத்தில் நிறுத்திய வண்டிக்குத் தண்டம் எழுதுகிற கவுன்சில் சீருடைக்காரன் ஒருவன் வானைச் சுற்றி வருகிறான். மைக் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்து, "ஐயோ அண்ணை, ஓடிப் போய் வானை எடுங்கோ, கவுன்சில்காரன் வந்திட்டான்!" என்று கத்திவிட்டேன்.

அடுத்த கணம் மண்டபம் முழுக்க அது ஒலித்தது. மார்ட்டின் கண்ணை மூடி, ஒலிவாங்கியை இறுகப் பிடித்து, "ஐயோ அண்ணை" என்று தொடங்கி அந்தத் தமிழ் வரியைத் தாளம் தப்பாமல் அப்படியே பாடினார். துயரம் வேறு சேர்த்திருந்தார். சனம் கைதட்டி ஆரவாரித்தது. நான் முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோனது. அவருக்குள் இருந்த பாட்டு எல்லாம் போய்விட்டது, மிஞ்சியிருப்பது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வானுக்குத் தண்டம் எழுதிவிட்டார்கள், அன்ரன் அண்ணை அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"தம்பி, அந்தாள் உன்னை விட நல்லாச் சொன்னவர். ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு. நாங்கள் என்ன சொன்னாலும் சொல்லுவார் போல."

குரல் நன்றாக இருக்கிறது

டெரிக்குக்கும் அது விளங்கிவிட்டது. அடுத்த வருஷம் முழுக்க வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கு ஒப்புக்கொண்டு வந்தார். உடைமாற்றும் அறையில் ஹெலன் வெடித்தார். இந்த மனிதரைப் பொம்மை மாதிரி நாடு நாடாகக் கொண்டு திரிய விடமாட்டேன், மிச்சம் இருக்கிற நல்ல நாளை அவர் தன் வீட்டில் கழிக்கட்டும் என்றார். மார்ட்டின் மூலையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, எனக்கு வீட்டுக் கடன் இருந்தது. டெரிக் கோபப்படாமல், தன்மையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

"சனம் அவற்ற குரலுக்குத்தான் வருது ஹெலன், ஞாபகத்துக்கு இல்லை. குரலுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

இரண்டு கட்டளை

அந்த வருஷத்தின் கடைசி நிகழ்ச்சி லண்டனில். பாட்டெல்லாம் பிசகாமல் முடிந்தது. இனி மார்ட்டின் சனத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசவேண்டும். டெரிக் என் பக்கத்தில் வந்து குனிந்து, "அடுத்த வருஷம் சந்திப்பம் எண்டு சொல்லச் சொல்லு" என்றார். அதே நேரம் ஹெலன் தன் கீபோர்டில் இருந்த மைக்கால் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இதுதான் கடைசி எண்டு சொல்லச் சொல்லு சிவா, கெஞ்சிக் கேக்கிறன்" என்றார். எதைச் சொன்னாலும் மார்ட்டின் சொல்லிவிடுவார். சொன்னால் அது நாளைக்குப் பேப்பரில் வரும், அவருடைய முடிவாகவே ஆகிவிடும்.

ஹெலன் சொன்னதுதான் நியாயம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு மனிதனின் வாழ்க்கையை அவன் வாயால் நானே முடித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. வீரம் ஒன்றும் இல்லை, நாக்கு எழவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். மார்ட்டின் காத்திருந்தார். காதைத் தட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார், கண்ணில் அப்படி ஒரு பயம். பிறகு சனத்தைப் பார்த்து, வழக்கமாக ஒருத்தன் என் காதுக்குள் எல்லாம் சொல்லித் தருவான், இன்றைக்கு அவன் சத்தத்தைக் காணவில்லை, எனக்குத் தானாக ஒன்றும் வருவதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நிதானமாகச் சொன்னார். டெரிக் தலையில் கை வைத்தார். ஹெலன் எழுந்து வந்து மார்ட்டினின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். என் மேசையடியில் மார்ட்டின் நின்றார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"பயந்திட்டியே சிவா? நானும் பயந்திட்டன். ஆனா சொன்ன பிறகு, அவ்வளவாய் இல்லை."

அடுத்த வருஷத்து நிகழ்ச்சிகளும் ரத்தாகி என் வேலையும் போய்விட்ட இந்த நேரத்தில், அவ்வளவு புகழ்பெற்ற ஒரு குழுவுக்கு நீ என்னதான் செய்தாய் என்று யாராவது கேட்டால், ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.