அக்கினி மூலையில் ஒரு துளை

அந்த சைட் மேனேஜரைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பதால் ஒருவருக்கொருவர் பாக்கி இல்லாமல் போயிற்று. மண்ணூர்பேட்டையில் பழைய கார்களையும் லாரிகளையும் உடைத்து விற்றுவந்த காயலான் கடை அது. இடத்தை ஒரு பில்டர் வாங்கி அடுக்குமாடி கட்டப் போகிறார். மண்ணில் விஷம் இல்லை என்று அறிக்கை வந்தால்தான் கடன் என்று வங்கி சொல்லிவிட்டது. மண்ணைப் பரிசோதிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. அதனால் போனேன்.

உள்ளே நுழைந்தால் தரை முழுக்கப் புத்தம்புதுச் செம்மண். ரோலர் விட்டு, தண்ணீர் தெளித்து, கல்யாண வீட்டு வாசல் மாதிரி வைத்திருந்தார்கள். எதற்கு இது என்று கேட்டேன். மழை பெய்தால் சேறாகிவிடுமாம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

எங்கே மண் எடுக்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்திருந்தார். வடகிழக்கு மூலையில், பூமி பூஜை போட்ட குழிக்குப் பக்கத்தில், சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது. பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நான் கிளம்பிவிட வேண்டும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏமாற்றுவதுகூடப் பரவாயில்லை, இவ்வளவு சோம்பேறித்தனமாகவா ஏமாற்றுவார்கள்?

இந்த மாதிரி இடங்களில் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி விற்பார்கள். ஈயச் சாம்பலும் ஆசிட்டும் மண்ணோடு மண்ணாகப் போய்விடும். அடுப்பு எங்கே இருந்தது என்று கேட்டேன். அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று மேனேஜர் சத்தியம் செய்யாத குறை. நான் சுற்றிப் பார்த்தேன். கேட்டுக்கு மேல் திருஷ்டி பொம்மை. இடிக்காமல் விட்டிருந்த ஆபீஸ் அறைக்குக் கிழக்குப் பார்த்த வாசல். அதற்குள் ஈசானியத்தில் சாமி மாடம். இவ்வளவு வாஸ்து பார்த்த காயலான் கடைக்காரன் நெருப்பை எங்கே வைத்திருப்பான்? இங்கே அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறவன்கூட அடுப்பைத் தென்கிழக்கில்தான் வைப்பான். நேராக அக்கினி மூலைக்கு நடந்தேன்.

மேனேஜர் குறுக்கே வந்து நின்றார். அங்கே துளை போடும் மெஷின் வராது என்றார். கடப்பாரை வரும் என்றேன். என்னோடு வந்த ஆட்கள் தோண்டினார்கள். செம்மண் ஒரு சாண்கூட இல்லை. அதன் கீழே கரிய மண், சாம்பல் நிறக் கட்டிகள், உடைந்த பேட்டரி ஓடுகள். ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கடப்பாரைச் சத்தத்துக்குத் தெற்குப் பக்கத்து வீட்டுப் பெண் காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. வழி விடுவதற்காக அவள் வீட்டையும் பில்டர் வாங்குவதாகப் பேசியிருக்கிறார். அறிக்கை நல்லபடியாக வந்தால்தான் கிரயம். அதை விற்றுவிட்டுக் குமணன்சாவடிப் பக்கம் போய்விடலாம் என்று குடும்பமே காத்திருந்தது. இதையெல்லாம் அவளே என்னைத் திட்டுகிற போக்கில் சொன்னாள்.

நான் சுவரை எட்டிப் பார்த்தேன். அவர்கள் வீட்டு போர்வெல், சுவரை ஒட்டி, நான் தோண்டிய குழிக்கு நேர் அந்தப் பக்கம் இருந்தது. அவர்களுக்கு அது ஈசானிய மூலை. தண்ணீர் அங்கேதான் இருக்க வேண்டும். இவர்களுக்கு இது அக்கினி மூலை. நெருப்பு இங்கேதான் இருக்க வேண்டும். இரண்டு பேருமே முறைப்படிதான் செய்திருந்தார்கள்.

ஒரு பாட்டில் தண்ணீர் வேண்டும், பரிசோதிக்க, என்றேன். அவள் உள்ளே போய் ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். என் கண்ணெதிரே மடக்மடக்கென்று பாதியைக் குடித்தாள். மீதியைச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

"இந்தா, நீயும் குடி. குடிச்சிட்டு இன்னா வேணா எய்திக்கோ."

கொடுத்த தண்ணீரை வாங்காமல் நிற்பது முகத்தில் அறைவதுபோல. எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை நீளவில்லை. பின்னால் மேனேஜர் சிரித்தது கேட்டது. சோதிக்கிற வரைக்கும் இதைக் குடிக்காதீர்கள், சமைக்கவும் வேண்டாம் என்றேன். வாயைக் கழுவச் சொன்னாள். மீதித் தண்ணீரை என் குழியில் ஊற்றிவிட்டு இறங்கிப் போனாள்.

லேப் முடிவு நான் நினைத்தபடியே வந்தது. உள்ளதை எழுதினேன். பக்கத்து வீட்டு போர்வெல்லையும் பார்க்க வேண்டும் என்று சேர்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நம் வேலை இல்லை என்று எங்கள் ஆபீஸ் பெரியவர் அந்த வரியை அடித்தார். கத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. வங்கி கையை விரித்தது. பில்டர் வேலப்பன்சாவடியில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் கட்டாத வீடுகளில் இன்னும் குடிவராத ஜனங்களை நான் காப்பாற்றிவிட்டேன். இந்த லட்சணத்தில் என்னைக் கெட்டிக்காரி என்று ஆபீஸில் பாராட்டினார்கள். எரிச்சலாக வந்தது.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பாட்டிலோடு அந்த வீட்டுக்குப் போனேன். என் செலவில் சோதித்துத் தருகிறேன் என்றேன். அவள் கேட்டைத் திறக்கவில்லை.

"ஊட்ட வித்துட்டுப் போயிருப்போம். உன்னாலதான் இன்னும் இந்தத் தண்ணியவே குடிச்சிகினு கீறோம்" என்றாள்.

நான் தெருவில் நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே போய் மோட்டார் போட்டாள்.