நாலாவது வீடு

டயானா டீச்சரைக் கண்டாலே பூமாலைக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்த எரிச்சல் ஆரம்பித்துவிட்டது.

"பெரியவ ஷெரின் எல்கேஜி போறா. சின்னவனும் பள்ளிக்கூடம் போற வரைக்கும், மூணு வருஷம், எங்க வூட்டுலயே தங்கிப் பாத்துக்கணுங்க அக்கா. பாதியில வுட்டுட்டுப் போயிடக் கூடாது," என்றாள் டயானா.

பூமாலை வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். பாதியில் விட்டுப் போனவளா இவள்? புருஷன் போன பிறகு கள்ளக்குறிச்சியிலேயே மூன்று வீடுகளில் பிள்ளை வளர்த்திருக்கிறாள். மூன்றிலும் ஒரே கதை. பிள்ளை, பெற்றவளை விட்டுவிட்டு இவளிடம் தாவிய மறுவாரமே, மாமியார் வருகிறார், செலவு ஜாஸ்தி என்று ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வளர்க்கவும் வேண்டுமாம், பிள்ளை ஒட்டவும் கூடாதாம். நல்ல நியாயம். இந்த வீடும் போனால் வடக்கனந்தலில் தம்பி வீடுதான் கதி. அங்கே தம்பி பெண்டாட்டி சோற்றைப் போடுகிற போடிலேயே தட்டு நெளிந்துவிடும்.

அதனால் இந்த முறை பூமாலை உஷாராக இருந்தாள். பகலெல்லாம் இரண்டு வயது ரெக்ஸ் அவள் இடுப்பில்தான். மாலை ஐந்தரை ஆனால் தொட மாட்டாள். சங்கராபுரம் பள்ளிக்கூடத்திலிருந்து டயானா பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம் அது. பையனைக் கீழே இறக்கிவிட்டு மூஞ்சியைச் சிடுசிடுவென்று வைத்துக்கொள்வாள். அவன் கை நீட்டினால், "உங்கம்மாகிட்ட போ" என்பாள். பகலில் கொடுக்காமல் மறைத்து வைத்த பிஸ்கட்டை வாசல் கேட்டருகே டயானாவின் கையில் திணிப்பாள். பையன் அம்மாவிடம் ஓடுவான்.

"எம்புள்ள என்னையே தேடிக்கினு இருந்தானா அக்கா?" என்று டயானா பூரித்துப்போவாள்.

"ஆமா டீச்சர்," என்பாள் பூமாலை. மனசுக்குள் அவள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

எட்டு மாதம் இப்படி ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை கல்வராயன் மலைப்பக்கம் மழை கட்டியிருந்தது. டயானா கேட்டைத் திறக்க, அவளை நோக்கி ஓடிய ரெக்ஸ் படியில் தடுக்கி விழுந்தான். முழங்காலில் ரத்தம். இரண்டடியில் அம்மா நிற்கிறாள். அவனோ திரும்பி ஓடிவந்து பூமாலையின் புடவையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான்.

பூமாலை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போ. உங்கம்மாகிட்ட போ."

அவன் விடவில்லை. அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"புள்ள ரத்தத்தோட நிக்கிறான், தள்ளி வுடுறியே. நீயெல்லாம் மனுசியா?" என்றாள் டயானா. இத்தனை நாள் போட்ட 'அக்கா' போன இடம் தெரியவில்லை. "மனசுல ஈரமே இல்லாத உன்ன நம்பி வுட்டுட்டுப் போனேனே. காலையில துணிமணிய எடுத்துக்கினு கெளம்பு."

பூமாலை நிமிர்ந்தாள். "தூக்கியிருந்தா மட்டும் வச்சிக்கினு இருந்திருப்பீங்களா டீச்சர்?"

டயானா பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வேலைதான் போயிற்றே, இனி யாருக்குப் பயம்? பூமாலை குனிந்து பையனை அள்ளி இடுப்பில் வைத்தாள். குழாயடியில் காலைக் கழுவி முந்தானையால் ஒற்றினாள். அழுகை அடங்கி அவன் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"குடு இங்க," என்று டயானா இரண்டு கைகளையும் நீட்டினாள். "ரெக்ஸு, அம்மாகிட்ட வாடா."

அவன் திரும்பவில்லை. பூமாலை அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.