ஒன்பது குழிப் பலகைக்கு நான் படித்த டியூஷன்

நரம்பியல் பிரிவு நடைக்கூடத்தில் இருபத்தைந்து அடி தூரத்துக்கு இரு முனையிலும் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் அதற்குள் நடக்க வேண்டும். ஒருவர் விநாடி எண்ணுவார். அது முடிந்ததும் ஒன்பது குழிப் பலகை. சின்னக் குச்சிகளை ஒரே கையால் குழிகளில் நட்டுத் திரும்ப எடுக்க வேண்டும். போதாததற்குக் கைப்பேசியில் ஒரு செயலி, "இன்று நடந்தீர்களா?" என்று தினமும் மாமியார் மாதிரி கேட்கும்.

எனக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்பின் மேலுறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோய்). அது எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடு. தேக்கா சந்தையில் ரவிக்கை தைத்துப் பிழைக்கும் எனக்கு, ஐம்பது வயதில் பாலர் பள்ளி விளையாட்டா என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஒருமுறை பலகையில் எனக்கு நேரம் கூடிவிட்டது. மார்க் குறைந்தால் உடனே டியூஷன் வைக்கிற ஊர் இது. நானும் அதே மாதிரிப் பலகை ஒன்றை வரவழைத்து, ஈசூன் வீட்டில் தினமும் பழகினேன். அடுத்த சோதனையில் குச்சிகள் பறந்தன.

டாக்டர் மகிழ்ந்துபோனார். "கை நல்லா இருக்கும்மா. இதே மருந்து போதும். ஸ்கேன் அடுத்த வருஷம் பாக்கலாம்."

பக்கத்தில் இருந்த என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், இவ வீட்டுல டியூஷன் படிச்சிட்டு வந்திருக்கா! ரவிக்கைக்கு ஹூக் வைக்க முடியல. ரெண்டு மாசமா நான்தான் வச்சுத் தர்றேன்."

"உங்கள யாரு கேட்டா?" என்றேன்.

"கஸ்டமர் கேக்குறாங்க லா, ஏன் ஹூக்கெல்லாம் கோணலா இருக்குன்னு!"

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க பாஸ் பண்றதுக்காக இத வைக்கலம்மா. எங்க தடுமாறுறீங்கன்னு எனக்குத் தெரியணும்."

அந்த வாரமே எம்.ஆர்.ஐ. (காந்தப் படம்) எடுத்தார்கள். மூளையில் புதிதாக இரண்டு தழும்புகள். டாக்டர் மருந்தை மாற்றினார். கையில் போன பிடிமானம் முழுதாகத் திரும்பவில்லை. அன்று என் கணவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு போயிருக்குமோ.

இதே நோயோடு இதைப் படிக்கும் நீங்களும் பலகையைத் திட்டுவீர்கள். தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் பழகிக்கொண்டு போகாதீர்கள்.

எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை. போன வாரமும் முனகிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். பாதியில் ஒரு குச்சி விரலுக்குத் தெரியாமலே நழுவி, மேசைக்கு அடியில் உருண்டது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. விநாடி எண்ணும் பெண் பதறி, "பரவாயில்ல அக்கா, முதல்லேர்ந்து செய்யலாம்" என்றாள்.

"வேணாம்மா," என்றேன். "விழுந்துச்சுன்னே எழுது."