ஒரே கும்பத்துக்கு இரண்டு காப்பு

சோற்றைப் பகைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் வாழ முடியாது. நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலுக்குப் பரம்பரையாகப் பூசை செய்கிற குடும்பம். காலைப் பூசை முடிந்தால் படையல் பொங்கலான புக்கை வீட்டுக்கு வரும். யாருக்காவது நேர்த்திக்கடன் என்றால் மோதகமும் வடையும் சேர்ந்து வரும். கடவுளுக்குப் படைத்ததை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். நான் ஏன் இப்படிப் பெருத்தேன் என்று யாரும் ஆராயத் தேவையில்லை.

ஐம்பது வயது தாண்டியதும் முழங்கால்கள் மறுக்கத் தொடங்கின. கோயிலில் எல்லோரும் நிலத்தில் இருந்து தேவாரம் பாட, ஐயரின் பெண்சாதி மட்டும் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பாள். இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் குளிசை தந்தார்கள், எடையைக் குறைக்கச் சொன்னார்கள். எப்படிக் குறைப்பது என்று சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. வெளியே அவ்வளவு சனம் காத்திருந்தது.

மச்சாளுக்கு, அதாவது என் கணவரின் தமக்கைக்கு, அது எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. அவர் கலியாணம் செய்யாமல் எங்களோடேயே இருந்தவர். காலையும் மாலையும் தனக்குத் தானே வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வார். போட்டுவிட்டுப் புக்கையிலும் ஒரு பிடி எடுப்பார். கேட்டால், ஊசிக்கு வேலை கொடுக்க வேண்டாமா என்பார். கோயிலுக்குப் பூ கட்டுவதும், என்னைக் கேலி செய்வதும் அவருடைய இரண்டு முழுநேர வேலைகள். இரண்டிலும் கை தேர்ந்தவர்.

அந்தக் காலத்தில்தான் டொக்டர் வந்தார். மடத்துவெளிப் பக்கத்துப் பிள்ளை, ஆங்கில வைத்தியம் படித்தவர், வெளிநாட்டில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். திரும்பும்போது படித்ததில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார் என்று மற்ற டொக்டர்மார் சொல்வார்களாம். சோறு, மா, சீனி, பால் தேத்தண்ணி எல்லாம் நஞ்சு என்பார். தேங்காய், நெய், தயிர், கீரை, ஊறவைத்த கச்சான் கடலை, பொழுது சாய முன்னம் ஒரே ஒரு நேரச் சாப்பாடு; இப்படி இருந்தால் குளிசையும் ஊசியும் தானாகக் கழன்று விழும் என்பார். அவருடைய பேச்சு போன் போனாகச் சுற்றியது. சனிக்கிழமைகளில் குறிகட்டுவானில் படகேறி எங்கள் தீவுக்கு வந்து, கோயில் மடத்தில் பாய் விரித்து இருப்பார். காசு வாங்க மாட்டார். மதியத்துக்குத் தன் டப்பாவைத் திறந்து தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அவரை ஏமாற்றுக்காரன் என்று எழுதிவிட்டால் எனக்கு எவ்வளவோ வசதி. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் அல்ல. என் கையைப் பிடித்து, காலையில் என்ன சாப்பிடுவீர்கள், யார் சமைப்பது, பசித்தா சாப்பிடுகிறீர்கள் அல்லது பொழுது போகாமலா என்று கேட்டார். என் வயதுக்கு எந்த டொக்டரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்னதைச் செய்வேன் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

தீர்மானித்தது சரி, நாக்குக் கேட்க வேண்டுமே. தொடங்கிய அன்றே புக்கை வந்தது, என் பத்தியம் போனது. எனக்கு என்னைத் தெரியும். டொக்டர் சொன்னார் என்பதற்காக வாயைக் கட்டமாட்டேன். விரதம் என்றால் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் கிடப்பேன். அதனால் என் கணவரிடம் போய், ஒரு மண்டலத்துக்குச் சோறு தொடுவதில்லை என்று சங்கற்பம் செய்து காப்புக் கட்டிவிடச் சொன்னேன். அவர் சிரித்தார். மெலிவதற்கெல்லாம் பிள்ளையாரைப் பிணை வைப்பதா என்றார். பிறகு, சாமான்களை எடுத்துவை என்றார்.

கும்பம் வைத்து, மஞ்சள் நூலை என் இடது மணிக்கட்டில் கட்டும்போது மச்சாள் பூக்கூடையோடு வந்தார். கூடையை வைத்துவிட்டுத் தன் கையையும் நீட்டினார்.

"எனக்கும் கட்டிவிடு தம்பி. இவ தனியக் கிடந்து தேங்காய் சப்புறதைப் பார்க்கப் பாவமாக் கிடக்கு."

எனக்கு உள்ளூரச் சந்தோசம். ஒரே வீட்டில் ஒருவர் புட்டும் சம்பலும் சாப்பிட, மற்றவர் கீரையை மெல்லுவது எவ்வளவு கொடுமை. துணை கிடைத்ததே என்று நினைத்தேனே தவிர, ஊசி போடுகிற மனுசி என்று நினைக்கவில்லை. ஒரே கும்பம், ஒரே சங்கற்பம், இரண்டு கைகள். இடையில் ஒரு காப்பை அவிழ்ப்பதென்றாலும் கும்பத்தை எடுக்க வேண்டும்; எடுத்தால் இரண்டு பேருடைய விரதமும் முடிந்த மாதிரி. காப்பு இருக்கும் வரை கடல் தாண்டக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். திருவிழாக் காலத்தில் காப்புக் கட்டினவர்கள் ஒருவரும் படகு ஏற மாட்டார்கள். அதையும் என் கணவர் இரண்டு பேருக்கும் நினைவூட்டினார்.

அடுத்த சனிக்கிழமை மச்சாள் டொக்டரிடம் காட்டினார். ஊசியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் டொக்டர், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார். பாதி என்பது பத்தியத்துக்குச் சரி, மச்சாளின் கணக்கில் விரதத்துக்குச் சரிவராது. விரதத்தில் இருந்துகொண்டு ஊசியும் போட்டால் பிள்ளையாரை நம்பாத மாதிரி இருக்கும் என்று முழுவதையும் நிறுத்திவிட்டார். டொக்டர் பத்தியம் எழுதினார், மச்சாள் விரதம் பிடித்தார். இரண்டும் வேறு வேறு என்பது எங்கள் மூவரிலும் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஊசி முழுக்க நின்றதைப் பார்த்தவளும் நான்தான். டொக்டரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடமும் சொல்லவில்லை. போதாததற்கு, எங்கள் தீவு ஆஸ்பத்திரியில் ஊசி கொடுக்கும் நேர்ஸ் வழியில் கண்டு விசாரித்தபோது, மச்சாளுக்கு இப்போது ஊசியே தேவையில்லை என்று பெருமையடித்தேன்.

என் உடம்போ பூப்போல ஆகிக்கொண்டிருந்தது. சட்டைகள் தொளதொளத்தன. ஒரு நாள் கோயிலில் கதிரையைத் தள்ளிவிட்டு நிலத்தில் இருந்தேன். எழும்பும்போது யாரையும் பிடிக்கவில்லை. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வது? இளமை திரும்பியது என்றால் பொய். யாருக்கும் பாரமில்லாத ஒருத்தியாக ஆனேன், அவ்வளவுதான்.

மச்சாளும் மெலிந்தார். அவருடைய மெலிவு வேறு மாதிரி இருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று குடித்தார். பூ கட்டும்போது நார் கையிலிருந்து நழுவியது. கேலி நின்றுபோனது. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் குடித்தது ஒன்றும் வயிற்றில் தங்காமல் சத்தி எடுக்கத் தொடங்கினார். பின்னேரம் ஆனபோது மூச்சை இழுத்து இழுத்து விட்டார், அந்த மூச்சில் அழுகிய பழத்தின் வாசம் அடித்தது. டொக்டருக்குப் போன் எடுத்தேன். உடம்பு பழைய அழுக்கைக் கழுவுகிறது, பயப்பட வேண்டாம், தேசிக்காய்ச் சாறும் உப்பும் கரைத்துக் கொடுங்கள், இரண்டொரு நாளில் தெளியும் என்றார். ஊசி போடுகிறாரா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசிப் படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. பூசைக்குப் போக நின்ற என் கணவர் தமக்கையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றார். எங்கள் தீவு ஆஸ்பத்திரிக்குப் போனால் உடனே யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மச்சாள் கண்ணைத் திறக்காமலே கையை அசைத்தார்.

"காப்போடை கடல் தாண்டேலாது. என்னை விடுங்கோ."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். முப்பது வருடத்துக் குடும்ப வாழ்க்கையில், கோயில் காரியத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டது கிடையாது.

"அவிழ்க்கட்டோ? நீர் சொல்லும்."

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. கும்பத்தை எடுத்தால் என்னுடையதும் முடிந்துவிடும் என்பதுதான் ஓடியது. காப்பு இல்லாவிட்டால் நாளைக்கே நான் புக்கைச் சட்டிக்கு முன்னால் போய் இருப்பேன், திரும்பப் பெருப்பேன், திரும்பக் கதிரைக்குப் போவேன். அதோடு அந்த நேர்ஸின் முகமும் வந்தது. மச்சாள் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்க, நான் என் முழங்காலை நினைத்தேன்.

"நாளைக்குக் காலமை பார்ப்பம். இது நல்லதுக்குத்தான் எண்டு டொக்டர் சொன்னவர்."

அவர் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், டொக்டரோடு பேசியவள் நான்தானே. கடைசிப் படகு போய்விட்டது.

விடிந்தபோது எவ்வளவு கூப்பிட்டும் மச்சாள் கண் திறக்கவில்லை. என் கணவர் மந்திரமும் சொல்லவில்லை, கும்பத்தையும் பார்க்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துத் தமக்கையின் மணிக்கட்டிலிருந்த நூலை வெட்டினார். பிறகு கத்தரிக்கோலோடு என்னிடம் திரும்பினார். படகுக்கு நேரமாகிறது, இப்போது இதற்கு நேரமில்லை என்று சொல்லிக் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தேன். மச்சாளைப் போகவிடாமல் பிடித்துவைத்த அதே நூலோடுதான் நான் படகேறிக் கடல் தாண்டினேன். கடல் ஒன்றும் கொந்தளிக்கவில்லை.

தீவு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி அனுப்பினார்கள். அந்த நேர்ஸ் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஏற்கெனவே தளர்ந்திருந்த சிறுநீரகங்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று அங்கிருந்த டொக்டர் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் டொக்டர் ஒரு முறை வந்து பார்த்தார். மச்சாளின் கட்டில் விளிம்பில் இருந்து அழுதார். ஊசியை முழுவதும் நிறுத்தச் சொல்லவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மை. என் கணவர் அவருடைய முகத்தையே பார்க்கவில்லை. ஊரும் எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டது. சனிக்கிழமைக் கூட்டம் நின்றது. அவர் பங்குப் பழி அவருக்கு வேண்டியதுதான். என் பங்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அவர் படகேறியபோது நான் வாய் திறக்கவில்லை. இப்போதும் சில வேளை போன் எடுத்து என் சீனி அளவைக் கேட்பார். நல்லாயிருக்கிறது என்று சொல்லும்போது என் குரலில் வரும் உற்சாகத்தை நானே கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கும்.

மச்சாள் கண் விழித்து முதலில் தேடியது தன் மணிக்கட்டைத்தான். வெறுங்கையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. விரதத்தைக் குழப்பியதால்தான் தன் உடம்புக்கு இந்த வருத்தம் என்று முடிவு கட்டிவிட்டார். காப்பு வெட்டியதற்கு முதலே வருத்தம் வந்துவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய கண் என் கையில் விழுந்தது.

"நீர் அவிழ்க்கேல்லையே?" என்றார். முகம் அப்படியே தெளிந்தது. "அப்ப நேர்த்தி குழம்பேல்லை. நீர் எனக்காகப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறீர்."

மண்டலம் முடிந்து கும்பத்தை எடுத்த பிறகும் நான் சோறு தொடவில்லை. எதற்கு என்று என் கணவர் கேட்கவில்லை. அவரும் தமக்கைக்காகத்தான் என்று நினைக்கிறார் போல. கோயிலுக்கு வரும் பெண்கள் என் இடுப்பைப் பார்த்துவிட்டு, பிறகு மச்சாளை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். இப்படி ஒரு தம்பி பெண்சாதி யாருக்குக் கிடைக்கும் என்பார்கள்.

மச்சாள் இப்போது ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டு அறையில் இருக்கிறார். கிழமையில் இரண்டு தரம் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அந்த நாட்களில் முதல் படகில் போய் அவர் பக்கத்தில் இருப்பேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் படகில் நினைப்பேன். அவர் என்னைக் கண்டதும் கையை நீட்டுவார், நான் பிடித்துக்கொள்வேன், அன்றைக்கும் சொல்லாமலே பின்னேரப் படகில் திரும்புவேன்.

போன கிழமை பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒரு அம்மா வந்திருந்தார். அவருடைய மகள் கொண்டுவந்த இடியப்பத்தில் எனக்கும் ஒரு தட்டு நீட்டினாள். நான் மறுக்க முதலே மச்சாள் குழாய் பூட்டிய கையை அசைக்காமல் மற்றக் கையால் தடுத்தார்.

"அவ உதுகள் தொடமாட்டா பிள்ளை. எனக்காக விரதம்."

அந்த அம்மா படுத்தபடியே என்னைப் பார்த்துக் கை கூப்பினார். எத்தனை நாளைக்கு என்று கேட்டார்.

"நான் சுகமாகி ஊருக்குப் போற மட்டும்," என்றார் மச்சாள். சொல்லிவிட்டு, "என்ன?" என்று என் பக்கம் திரும்பினார்.

சிறுநீரகம் இனித் திரும்பாது என்று டொக்டர்மார் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். மச்சாளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

"ஓம் மச்சாள்," என்றேன்.