குளிக்கப் போகும் முன்

பரிமளத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கண்டி டவுனில் தெருக் கூட்டுகிற வேலை. விடியுமுன் வீடிருக்கும் மஹய்யாவ மேட்டிலிருந்து இறங்கினால், திரும்ப ரெண்டு மணியாகும். மகள் துஷ்யந்திக்கு இருபத்தாறு வயது, பேச்சு பத்துப் பன்னிரண்டு சொல். பகலில் பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரர் சின்னமுத்து அவளைப் பார்த்துக்கொள்வார்.

தினமும் தாய் வந்து சேர்ந்த சற்று நேரத்தில் துஷ்யந்தி கதவு நிலையில் தலையை மோதுவாள். மாத்திரை கொடுத்தார்கள். மோதல் நின்றது, மற்ற எல்லாமும் நின்றது. எச்சில் ஒழுகக் கதிரையில் சாய்ந்து கிடந்தாள். தட்டுப் பிடிக்கக் கை வரவில்லை. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். மோதல் திரும்பி வந்தது.

"ரெண்டு மாசம் பார்ப்போம். குறையலைன்னா மறுபடி மாத்திரைதான்," என்றார்.

கிளினிக்கிலிருந்து பிரேமிளா மிஸ் ஒருநாள் என்ன நடக்கிறதென்று பார்க்க வந்து, வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார். பரிமளம் வந்தாள். யாரையும் பார்க்காமல் துவாயை இழுத்துக்கொண்டு பொதுக் குழாய்க்குப் போனாள். குளிக்காமல் எதையும் தொடுவதில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம். திரும்பி வருவதற்குள் மகளின் நெற்றி வீங்கியிருந்தது.

"காலையிலேர்ந்து வாசலையே பார்த்துக்கிட்டிருக்காக்கா. நீங்க மூஞ்சியக்கூடப் பார்க்காம போறீங்க."

"குப்பை நாத்தம் மிஸ். பிள்ளையத் தொடலாமா?"

"அவளுக்கு நாறலையே."

பரிமளம் ஈரத் துவாயின் நுனியால் மகளின் நெற்றியை ஒற்றினாள்.

மறுநாளிலிருந்து வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சவர்க்காரப் பெட்டியை மகள் கையில் கொடுத்து, கூடவே குழாய்க்குக் கூட்டிப்போனாள்.

"வழி விடுங்கப்பா, சவுக்காரக் கம்பனி மெனேஜர் வர்றாங்க!" என்பார் சின்னமுத்து.

மெனேஜர் ஒவ்வொரு வாசலிலும் நிற்பாள். பெட்டியை மூன்று தரம் கீழே போடுவாள். பத்து நிமிஷக் குளியல் ஒரு மணி நேரமானது. அந்த ஒரு மணியும் பரிமளத்துக்கு முழங்கால் கெஞ்சும்.

"மாத்திரைன்னா ஒரு மடக்குத் தண்ணியோட முடிஞ்சிருக்கும் மிஸ்."

"ஆமாக்கா," என்றார் பிரேமிளா.

ரெண்டு மாதம் கழித்து டாக்டர் மோதல்களைக் குறித்துவைத்த கொப்பியைப் புரட்டினார். கடைசி மாதத்தில் மோதியது மூன்றே தடவை. மாத்திரை வேண்டாம் என்றார்.

அன்று வேலைக்கு லீவு. வீட்டுக்கு வந்ததும் பரிமளம் பாயில் சாய்ந்தாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு பகல் தூக்கம்! ரெண்டு மணிக்குக் கண்ணைத் திறந்தால், சவர்க்காரப் பெட்டியோடு மகள் கதவு நிலையை ஒட்டி நிற்கிறாள்.

"இன்னைக்கு அம்மா தெருக் கூட்டலைடி. காலையிலேயே குளிச்சாச்சு."

துஷ்யந்தி நகரவில்லை. நெற்றி மரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

பரிமளம் கையை ஊன்றி எழுந்தாள். துவாயைத் தேடினாள்.